சுவர் வேண்டும், எந்தச் சுவர்?

சென்ற மாதம் நடந்த நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகப் பெருவாயிலின் முன்னே ஓடும் நெடுஞ்சாலையில் காங்கிரீட் தடுப்புச் சுவர் அமைத்துத் தரவேண்டும் என்று சாலைத் துறையினருக்கு மகஜர் அனுப்புவதெனத் தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர் நம் செயலாளர், வழிமொழிந்தவன் நான். மறுப்புரை ஏதுமின்றி, கைதட்டலோடு, மூன்றே நிமிடத்தில் அது நிறைவேறியது. அதற்கு முந்திய பொருளாகிய பொங்கல் விழா விருந்தில் வடை உண்டா இல்லையா என்பதற்கு நாம் நாற்பது நிமிடம் செலவிட்டிருந்தோம்.

வழிமொழிந்தவனே இன்று அத்தீர்மானத்தைத் திருத்தவேண்டும் என்று எழுத வந்திருக்கிறேன். இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். கையெழுத்துத் தாள் இன்னும் விடுதி அறைகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, அனுப்பப்படவில்லை. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தீர்மானத்துக்குக் காரணமாயிருந்தது, வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் தம்பி ஒருவருக்கு நேர்ந்த விபத்து. மார்கழிப் பனியில் இந்த வடநாட்டுச் சமவெளி எப்படியிருக்கும் என்பதை ஊரிலுள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்; பத்தடி தூரத்தில் நிற்கும் எருமையைக்கூட அது கனைத்தால்தான் அறியலாம். அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில் ரயில் நிலையத்திலிருந்து நண்பரின் மோட்டார் சைக்கிளில் வந்தவர் வாயிலுக்கு அருகே விழுந்து கால் முறிந்தார். எதிர்ப்பக்கத்து லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்திருக்கும் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். நடுவே ஒரு சுவர் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று கூட்டத்தில் நான்தான் உரக்கப் பேசினேன்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். தீர்மானம் நிறைவேறிய செய்தியைப் பெருமையோடு சொன்னேன். தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணா, லாரி எதுவும் வரவே இல்லை. நான் போய் மோதினது அந்தக் காங்கிரீட் கல்லில்தான்" என்றார்.

அந்தக் கல்லை நாம் எல்லோரும் நாள்தோறும் பார்த்திருக்கிறோம். சாலை பழுதுபார்த்த காலத்தில் தற்காலிகமாக வைத்த கட்டைகள் அவை. வேலை முடிந்த பின்னும் எடுக்கப்படவில்லை. ஆக, நாம் கேட்கப்போகும் பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதுதான் நம் தம்பியின் காலை முறித்தது. இதே போன்ற கட்டைகளை இன்னும் நூறு கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட்டு, "உங்கள் மகஜர் நிறைவேற்றப்பட்டது" என்று அவர்கள் பதில் எழுதினால், நாம் மறுக்க வழியுண்டா? நாம் எழுதியிருப்பது "காங்கிரீட் தடுப்புச் சுவர்" என்ற மூன்று சொற்கள்தாமே!

நான் படிப்பது கட்டடப் பொறியியல். அதனால் அடுத்த ஞாயிறு காலை, நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, அறைத் தோழர் ஒருவரோடு போய் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் ஒரு மீட்டர் நீளம், 80 செ.மீ. உயரம். அடியில் அகன்று, இடையில் ஒடுங்கி, மேலே குறுகிய உருவம். ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. கொக்கியும் வளையமும் வைக்க விட்ட துளைகளில் பான் எச்சிலே இருந்தது. ஐந்தாறு கட்டைகள் வரிசை பிசகி, மூலை சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. முதற்கட்டை மொட்டையாக, வருகிற வண்டியை எதிர்நோக்கி நின்றது. அதன் மேல் மஞ்சளும் கறுப்பும் பூசியிருந்த சுவடு மட்டும் இருந்தது.

இந்த உருவத்துக்கு நியூ ஜெர்சித் தடுப்பு என்று பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1955-இல் முதலில் முழங்காலுக்கும் கீழான உயரத்தில் அமைத்து, பிறகு சிறிது சிறிதாக உயர்த்தி, 1959-இல் 32 அங்குலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் இந்த வளைந்த உருவம்? அழகுக்கு அன்று. சுவரின் வேலை வண்டியை நிறுத்துவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. சுவரின் வேலை வண்டியைத் திருப்பிவிடுவது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுவரில் நேராக மோதினால் அதன் ஆற்றல் முழுவதும் சுவரிலும், காரிலும், காரிலிருப்பவர் நெஞ்சிலும் இறங்குகிறது. அதே கார் 20 பாகைக் கோணத்தில் உராய்ந்தால், சுவரை நோக்கிய வேகம் மணிக்கு 27 கி.மீ. மட்டுமே, சுவர் எதிர்கொள்ள வேண்டிய ஆற்றல் முன்னதில் எட்டரையில் ஒரு பங்கு. கோணம் 10 பாகையானால் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு. ஆகவே, தொடர்ச்சியான வழவழப்பான சுவரில் சாய்வாக உராயும் வண்டிக்குப் பிழைக்க வழியுண்டு. அதே காங்கிரீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மூலைகளைச் சாலைக்குள் திருப்பி வைத்தால், சாய்வாக வருபவனுக்கும் அது நேர்மோதல்தான். பொருள் ஒன்றே, வைக்கும் முறையில் அது காவலனாகவும் ஆகிறது, கொலைஞனாகவும் ஆகிறது.

நியூ ஜெர்சி உருவத்தின் நுட்பம் அதன் கீழ்ச் சாய்வில் இருக்கிறது. மெல்ல உராயும் காரின் சக்கரம் 55 பாகைச் சாய்வில் சற்று ஏறுகிறது; வண்டியின் எடையே அதை மீண்டும் கீழே இறக்கிச் சாலைக்குத் திருப்புகிறது. தகடு நசுங்குவதுகூட இல்லை. ஆனால் வேகமும் கோணமும் மிகும்போது இதே ஏற்றம் பகையாகிறது. சிறிய கார்கள் அளவுக்கு மேல் ஏறிக் கவிழ்ந்துவிடுகின்றன. அந்தச் சாய்வு தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்தில் செங்குத்தாக மாறுகிறது. அந்த உயரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பின்னர் அமெரிக்காவில் பல உருவங்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தார்கள். அ, ஆ, இ என்று நாம் வைப்பதுபோல் ஏ முதல் எஃப் வரை பெயரிட்டார்கள். கடைசி உருவமே சிறந்தது என்று கண்டார்கள். அதில் சாய்வு 25 செ.மீ. உயரத்திலேயே முறிகிறது. இன்றும் அதன் பெயர் எஃப் உருவம். கண்டுபிடித்தவர் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை, வெறும் எழுத்து. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நம் சாலைக்கு எஃப் உருவமும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை நம் வாயிலிலேயே காணலாம். நான் முதலாண்டு சேர்ந்தபோது நடுத்திட்டின் விளிம்புக் கல் என் கணுக்காலுக்கு மேல் இருந்தது. இன்று செருப்பின் உயரத்துக்கு வந்துவிட்டது. கல் தேயவில்லை, சாலை வளர்ந்திருக்கிறது! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றுவது இந்நாட்டில் பலவிடங்களிலும் காணும் வழக்கம். நியூ ஜெர்சியானாலும் எஃப் ஆனாலும், அவற்றின் அடியில் 75 மி.மீ. செங்குத்துப் பகுதி ஒன்று உண்டு. ஒன்றிரண்டு முறை தார் போட்டவுடன் அது புதைந்துபோகும். அதற்கு மேலும் போட்டால் சாய்வே புதையத் தொடங்கும். சக்கரம் சந்திக்கும் உருவம் வேறாகிவிடும். வரைபடத்தில் எஃப் என்றிருக்கும். சாலையில் இருப்பது ஆய்வாளர் எவரும் சோதித்துப் பாராத ஓர் உருவமாக இருக்கும்.

இதற்கு மாற்று, ஒரே சாய்வுச் சுவர். அடியிலிருந்து உச்சி வரை ஒரே சரிவு. வளைவும் இல்லை, முறிவும் இல்லை. டெக்சாசில் செங்குத்திலிருந்து 10.8 பாகை சாய்த்துக் கட்டினார்கள், கலிபோர்னியாவில் 9.1 பாகை. கலிபோர்னியச் சுவர் ஏறக்குறைய எஃப் உருவத்தைப் போலவும், டெக்சாஸ் சுவர் நியூ ஜெர்சியைப் போலவும் நடந்துகொள்கிறது. எனவே இரண்டில் முன்னதே மேல். எத்தனை முறை தார் போட்டாலும் சக்கரம் சந்திப்பது அதே சாய்வைத்தான். உயரம் குறையுமே என்றால், தொடக்கத்திலேயே உயரமாகக் கட்டிவிடலாம். அச்சுப்பலகை அடிப்பதும் எளிது. நம் ஊர் மேஸ்திரி நூல் பிடித்தே கட்டிவிடுவார்.

உயரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மீண்டும் 80 செ.மீ. சுவர்தான் வரும். அது காருக்குப் போதும். நம் வாயிலைக் கடந்து போகிறவை கார்கள் மட்டுமா? கரும்புக் காலத்தில் இரவெல்லாம் லாரிகள். பாரம் உயரத்தில் இருக்கும் லாரி தாழ்ந்த சுவரில் சாய்ந்தால், சுவரை அச்சாகக் கொண்டு மறுபக்கம் உருண்டுவிடும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் பாலங்களின் ஓரச் சுவர்களுக்கு வகுத்துள்ள விதியில் இவ்வேறுபாடு தெளிவாக இருக்கிறது. சாதாரண வகை, ஒன்றரை டன் வண்டி மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் 20 பாகையில் மோதுவதைத் தாங்கவேண்டும். உயர்ந்த வகை, 30 டன் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதே கோணத்தில் மோதுவதைத் தாங்கவேண்டும். வேகம் ஏறக்குறையப் பாதியாயினும், எடை இருபது மடங்கு. பக்கவாட்டில் தாங்கவேண்டிய ஆற்றல் ஆறு மடங்காகிறது. சாலைத் தடுப்புகளுக்கென்றே அதே அமைப்பு 2015-இல் தனிநெறிமுறை ஒன்றும் வெளியிட்டிருக்கிறது. ஆதலால் நாம் ஏதோ வானத்துச் சந்திரனைக் கேட்கிறோம் என்று எவரும் சொல்லமுடியாது. லாரிக்காக அமெரிக்கர் பலவிடங்களில் 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. கட்டுகிறார்கள். பின்னால் போடப்போகும் தாருக்கும் சேர்த்து நாம் 120 கேட்கலாம்.

"ஏன் காங்கிரீட்? இரும்புத் தகடோ கம்பிக் கயிறோ மென்மையானதாயிற்றே" என்று கேட்டார் என் அறைத் தோழர். நியாயமான கேள்வி. அவை வளைந்து கொடுக்கும், மோதுபவருக்கு இதம். ஆனால் வளைய இடம் வேண்டும். நம் நடுத்திட்டின் அகலம் 1.2 மீட்டர், அங்கே வளைந்து கொடுக்கும் தடுப்பு எதிர்ச் சாலைக்குள் வளையும். அங்கே வருகிறவன் என்ன பாவம் செய்தான்? குறுகிய திட்டுக்கு அசையாத சுவரே ஏற்றது. பிரிட்டனில் போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலைகளின் நடுவே இனிக் காங்கிரீட்டே என்று 2005-இல் முடிவு செய்தபோதும், எதிர்ச்சாலைக்கு வண்டி தாண்டுவதைத் தடுப்பதும், அடிக்கடி பழுதுபார்க்க ஆட்களைச் சாலை நடுவே அனுப்பாமலிருப்பதும் முக்கியமான காரணங்களாயிருந்தன.

அசையாத சுவர் என்றேன். நம் கட்டைகள் அசையும். ஒரு மீட்டர்க் கட்டை ஏறக்குறைய 600 கிலோ எடையிருக்கும். பார்க்கப் பெரிய எடைதான். ஒன்றரை டன் கார் வேகமாக வந்து இடித்தால் அது பந்து. மூன்று நான்கு மீட்டர் நீளக் கட்டைகளை இரும்பு முளையால் சங்கிலிபோல் கோத்து வைத்தால்கூட, தரையில் பிணைக்காவிட்டால், கடுமையான சோதனை மோதலில் இரண்டு மீட்டர் வரை நகர்ந்திருக்கின்றன. கோக்காத கட்டைகளை நாம் தடுப்பு என்று அழைப்பது மரியாதைக்காகத்தான். வேலை நடக்கும் இடத்தில் எல்லை காட்ட அவை பயன்படலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது நம் பிழை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது சுவரின் முனை. எவ்வளவு நல்ல சுவராயினும் ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆகவேண்டும்? 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தின் காங்கிரீட் ஓரச் சுவரில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் வந்த ஒருவரும் இறந்த செய்தி நினைவிருக்கும். பின்னிருக்கையில் இருந்த அவ்விருவரும் இடைவார் அணியவில்லை என்பதையே நாடு முழுவதும் பேசினோம், பேசவேண்டியதுதான். ஆனால் பாலத்துச் சுவர் சாலையோரத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்ததைப் பற்றியும் அப்போது செய்தி வந்தது. அதை நாம் விரைவில் மறந்துவிட்டோம்.

முனையைச் சரிவாகத் தரையில் புதைத்துவிடலாம் என்பார் சிலர். வேகமான சாலையில் அது ஏணியாகி வண்டியை ஆகாயத்தில் ஏற்றும். முனையைப் போக்குவரத்திலிருந்து விலக்கி வளைத்துக் கொண்டுபோகவேண்டும். இடமில்லாவிட்டால் அதன் முன்னே நசுங்கி ஆற்றலை உண்ணும் மெத்தை வைக்கவேண்டும். மணல் நிரப்பிய பீப்பாய்களே போதும். ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கப் பந்தய வீரர், 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் தம் கூட்டோட்டுநரின் கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதைக் கண்டவர். பிற்காலத்தில் அவர்தான் வரிசையாக மணற்பீப்பாய்களை வைத்து, முன்னதில் குறைவாகவும் பின்னதில் மிகுதியாகவும் மணல் நிரப்பி, வண்டியைப் படிப்படியாக நிறுத்தும் முறையை உண்டாக்கினார். மணலுக்கும் பீப்பாய்க்கும் இந்நாட்டில் என்ன பஞ்சம்?

சுவரின் அடியில் மழைநீர் வழியும் துளைகளையும் மறவாமல் எழுதவேண்டும். இல்லாவிட்டால் ஆவணியில் ஒரு பக்கச் சாலை குளமாகும். அதற்காகவே யாரோ ஒருவர் இரவில் வந்து சுவரை உடைப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் உண்மையை மறைக்க என்னால் முடியாது. நான் மேலே சொன்ன கணக்குகள் யாவும் காரையும் லாரியையும் மனத்தில் வைத்தவை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் வந்தவர்கள். ஏறக்குறைய 19 பேர் நடந்து வந்தவர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து மோதுபவனுக்கு எந்தச் சாய்வும் தாயாகாது. வழவழப்பான சுவரில் அவன் உராய்ந்து சரியலாம், தகட்டுத் தடுப்பின் தூண்களில் சிக்குவதைவிட அது ஓரளவு மேலாகலாம், அவ்வளவே. நடப்பவருக்கோ சுவர் தடை மட்டுமே.

நம் வாயிலின் எதிரே என்ன இருக்கிறது? தேநீர்க் கடை, நகலெடுக்கும் கடை, மின் ரிக்‌ஷா நிற்குமிடம். ஒவ்வொரு நாளும் நாம் நூற்றுக்கணக்கானோர் கடக்கிறோம். அங்கே 120 செ.மீ. சுவரை இடைவெளியின்றிக் கட்டிவிட்டால் அரை கிலோமீட்டர் சுற்றிப் போவோமா? என்னை நான் அறிவேன். தேர்வுக்கு முதல்நாள் இரவு குறிப்புகளை நகலெடுக்க ஓடும்போது நான் சுவரேறிக் குதிப்பேன். நீங்களும் குதிப்பீர்கள். சுவருக்குப் பின்னாலிருந்து திடீரென்று குதிக்கும் மனிதனை ஓட்டுநர் காணமாட்டார். எனவே வாயிலுக்கு நேரே சுவர் நின்று, அவ்விடத்தில் வேகத்தைக் குறைக்கும் மேடான கடவையும், விளக்கும், நடுத்திட்டில் நின்று பார்க்க இடமும் வேண்டும். சுவரின் முனைகள் அங்கேதான் வரும். அங்கேதான் பீப்பாய்களும், பனியிலும் தெரியும் ஒளிர்பட்டைகளும் வேண்டும்.

நடைமேம்பாலம் கேட்கலாமே என்று செயலாளர் சொல்லுகிறார். கேட்கலாம். முழங்கால் வலியுள்ள நம் தமிழ்ப் பேராசிரியர் நாற்பது படி ஏறி இறங்குவாரா என்று அவரையே கேட்டுவிட்டுப் பிறகு எழுதுவோம்.

ஆகவே மகஜரில் முதற்கோரிக்கையாக, பிணைக்காத கட்டைகளை இம்மாதமே அகற்றவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு பளுதூக்கியும் ஒரு பகலும் போதும். சுவரைப் பற்றியும் கடவையைப் பற்றியும் அளவுகளோடு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் வரைந்த படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன், கோடு சற்றுக் கோணலாயிருப்பதற்கு மன்னிக்கவும்.

பழைய தாளில் கையெழுத்திட்டவர்கள் புதியதில் மீண்டும் இடவேண்டும். வரும் வெள்ளி வரை அது விடுதி மெஸ்ஸில், மோர்ப் பானைக்கு மேலுள்ள பலகையில் தொங்கும். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். தயவுசெய்து அவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள். முதற்கையெழுத்து மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி இட்டது. அதனால் கொஞ்சம் கிறுக்கலாக இருக்கும்.